பாத்திர சுத்தி

ஒரு கலத்தில் இருந்த பொருள் அகன்ற பின்னும் அதன் குணம் அக்கலத்தில் தங்குமா என்னும் விசாரம், எண்ணெய் தீர்ந்த பிளாஸ்டிக் கேனிலும் ஊறுகாய் தீர்ந்த ஜாடியிலும் குடிதண்ணீர் பிடித்துவைக்கும் இல்லங்களில் இன்றும் எழுவதாயினும், அது மிகப் புராதனமானது. லேவியராகமம், பாவநிவாரண பலியின் இறைச்சி வெந்த மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும் என்றும், செப்புப் பானையாயின் துலக்கி அலசினால் போதும் என்றும் விதிக்கிறது. அந்த இறைச்சியோ அசுத்தமானதன்று, மகா பரிசுத்தமானது. மனு ஸ்மிருதியும் உலோகங்களுக்குச் சாரத்தையும் புளிப்பையும் நீரையும் சொல்லி, மண்கலத்துக்கு மட்டும் மறுபடி சூளைத் தீயைச் சொல்கிறது. கலத்தில் முன்பு இருந்தது எது என்பதோடு நில்லாமல், ஏற்றதை விட்டுவிடும் சக்தி அக்கலத்துக்கு உண்டா என்றும் இவ்விரு நூல்களும் கேட்டன. சுத்தத்தைப் பற்றி மனிதன் கேட்டவற்றுள் அறிவுக்கு மிகவும் உகந்த கேள்வி இதுவே என்பது என் துணிபு.

பிளாஸ்டிக், இவ்விஷயத்தில், உலோகத்தைவிட மண்ணுக்கே நெருங்கிய உறவு. பால் வந்த கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எத்தனை முறை கழுவியிருந்தாலும், கைப்பிடியின் குடைவிலும் மூடியின் மரைக்குள்ளும் கொழுப்பும் புரதமும் மெல்லிய படலமாய் ஒட்டியிருக்கக் காணலாம்; கிருமிகளுக்கு அதுவே ஆகாரம். ஆகையால்தான் பாலும் பழச்சாறும் இருந்த பிளாஸ்டிக் கலங்களை விலக்கி, சோடா, கலர் முதலிய பானங்கள் வந்த பாட்டில்களைக் கொள்ளுமாறு சுகாதார நிபுணர் கூறுவர். அவற்றையும் சோப்பு நீரால் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் வாசனை சேராத பிளீச் கலந்து, உட்புறம் முழுதும் படக் குலுக்கி, அரை நிமிஷமாவது வைத்திருந்து கொட்டிவிட்டு, நல்ல நீரால் அலச வேண்டும். பூச்சிமருந்து இருந்த கேனுக்கு எந்தப் பிராயச்சித்தமும் இல்லை. பிறர் எடுத்து ஆளாதபடி அதைத் துளையிட்டுவிடுவதே முறை.

ஜடப்பொருளிடம் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை மனிதரிடம் திருப்பி, அருந்துகிறவரின் பிறப்பை விசாரித்து, தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்தது நம் சமூகம். அது ஆசாரமன்று, அதர்மம். கலத்தில் படிந்த அழுக்கைக் கண்ணும் மூக்கும் அறியும். பிறப்பில் அழுக்கு உண்டென்பதற்கு என்ன பிரமாணம் காட்ட முடியும்? அந்தணராகிய அப்பூதியடிகள், வேளாளர் குலத்துத் திருநாவுக்கரசரைக் கண்ணால் காணுமுன்பே, திங்களூரில் அவர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. பந்தலில் நீர் பருகும் வழிப்போக்கன், இந்தக் குடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பதில்லை. அந்த விசாரணை முழுவதும் கொடுப்பவர் பொறுப்பு. வீட்டில் டம்ளரை நீட்டும் குழந்தையும் கேட்பதில்லை. ஆதலின், நீர் நிரப்புமுன் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, பழைய ஊறுகாயின் நெடி சிறிதேனும் எழுமானால், அந்த ஜாடியை மிளகாய்க்கோ புளிக்கோ ஒதுக்கிவிட்டு, தண்ணீருக்கு வேறு பாத்திரம் தேடுவதே நாம் செய்யத்தக்கது.