சேதாரம்

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் கோழி எண்ணுவோம். என் மாமியாரான அத்தை நிறம் பார்த்து எண்ணுவார்: செவலை, கருங்கால், புள்ளி, மொட்டைக்கழுத்து. என் சின்னவள் தலைகளை எண்ணுவாள். கோழி எப்போது தலையை அசைக்காமல் இருந்திருக்கிறது? அதனால் இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகாது. ஒன்று குறைந்தால் அத்தை பதறமாட்டார். “எங்கயாவது அடையில இருக்கும், விடு” என்பார். 21 நாள் கழித்துக் குஞ்சுகளோடு வேலியோரம் வந்து நின்றால் அவர் சொன்னது சரி. வரவில்லையென்றால் உடும்பு, அல்லது முசாங் என்கிற மரநாய்.

நகை செய்யக் கொடுத்தால் சேதாரம் போகும் என்று தெரிந்துதானே கொடுக்கிறோம். அத்தையின் கோழிக் கணக்கும் அப்படித்தான். கதவைச் சாத்தாமல் விட்டது யார் என்ற விசாரணை இந்த வீட்டில் நடந்து நான் பார்த்ததில்லை. நான் பிறந்த வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தாலே நடக்கும்.

*

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. நாலு மணிக்கே கிளம்புகிறவர், ஆடுகள் விழித்துக்கொள்ளும் என்று மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிப் போய்த்தான் முடுக்குவார். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு 1924இல் திறந்த கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நெரிசலில் அதை அவர் கடந்து முடிப்பதற்குள் நான் கொட்டகை கூட்டி, தண்ணீர் மாற்றி, பிள்ளைகளையும் எழுப்பியிருப்பேன்.

1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே போயிற்று. சூரியன் போகவில்லை. இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. பள்ளி, பேருந்து, பாலம் எல்லாம் இருட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. ஜொகூரில் வார விடுமுறை 2014இல் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025இல் மறுபடி சனி, ஞாயிறு ஆனது. எங்கள் ஆடுகளுக்கு இரண்டு அறிவிப்பும் எட்டவில்லை.

*

எங்கள் ஜொகூரில் 1844இல் டான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தம் ஆட்களோடு வந்து தெப்ராவ் ஆற்றங்கரையில் காடு திருத்தினார். மிளகும் காம்பியர்ச் செடியும் போட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. ரப்பரோடு எங்கள் ஆட்கள் வந்தார்கள். இங்கே மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்று சாப்பாட்டுக் கடைகளும் அடுக்குமாடிகளும். அத்தைக்கு அது இன்னமும் தோட்டத்தின் பெயர்தான்.

தோட்டத்தில் வீடும் சொந்தமில்லை, மரமும் சொந்தமில்லை. மாடு மட்டும் சொந்தம். அந்த நாளில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழிவந்த கறவைகள் இந்த நாட்டில் இன்னும் இருக்கின்றன. அத்தையின் அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன்னே கறந்து வைத்துவிட்டு, ரப்பர்ப் பால் மரம் வெட்டி முடித்து வந்து புல் அறுக்கப் போவாராம். சம்பளம் கடைக்கடனுக்கும் கள்ளுக்கடைக்கும் போய்விடும். பால் காசு மைலோ டின்னுக்குள் போகும். அதில் யாரும் கை வைக்கமாட்டார்கள். தோட்டப் பெண்களின் சேமிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கூட்டுச்சீட்டைச் சொல்லுவார்கள், நகையைச் சொல்லுவார்கள். மாட்டைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அத்தை ஆறாம் வகுப்புக்கு மேல் படித்தது மைலோ டின்னால்.

*

மழை விட்ட ஒரு சாயங்காலம் பெட்டை ஆடு பயற்றம் பந்தலுக்குள் புகுந்துவிட்டது. ஈரக்கொடியை வயிறு முட்டத் தின்றிருக்கிறது. இருட்டுகிற நேரத்தில் பார்த்தால் இடது விலா உப்பி நிற்கிறது, தட்டினால் மத்தளம். கால் மாற்றி நிற்கிறது, பல்லைக் கடிக்கிறது, கத்தவில்லை. கத்தாத ஆட்டைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்.

ஆட்டின் இரைப்பையில் தீனி புளிக்கும்போது காற்று உண்டாகும். ஏப்பமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். பச்சைப் பயற்றினத் தழை அதிகமானால் அந்தக் காற்று நுரைக்குள் மாட்டிக்கொள்ளும். நுரை ஏப்பமாக வராது. வயிறு மேலே ஏறி நெஞ்சை அழுத்தும். எண்ணெய் உள்ளே போனால் நுரை உடையும். அத்தைக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, கடைவாயில் மூங்கில் குழாயை வைத்துச் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். “தலையை ரொம்பத் தூக்காதம்மா, நுரையீரலுக்குப் போயிடும்.” நான் தாடையைப் பிடித்திருந்தேன். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி இடது பக்கத்தைத் தேய்த்தோம்.

பெரிய ஏப்பம் வந்தது. அதன் நாற்றத்தைச் சொல்லாமல் விடுகிறேன்.

அதோடு முடியவில்லை. வயிறு மறுபடி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். விலாவில் காதை வைத்தேன். நல்ல ஆட்டின் இரைப்பை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை புரளும். தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒரு குமுறல். அதற்காகக் காத்திருக்கும்போது வேறெதையும் நினைக்க முடியவில்லை. காதுக்குள் ஆட்டின் சூடு, ரோமத்தின் ஈரம், அதன் மூச்சு, என் மூச்சு. பள்ளியில் திருத்தாமல் கிடந்த கட்டுரைகள், வீட்டுக்கடன், பாலத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் கணவர், எதுவும் இல்லை. யோகா வகுப்பில் கண்ணை மூடி உட்காரச் சொன்னபோது எனக்கு வராதது கொட்டகையில் வந்தது. குமுறல் கேட்டதும் நிமிர்ந்தேன். அத்தை எண்ணெய்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தார். பந்தல் போனதைப் பற்றி மறுநாள் ஒரு வார்த்தைதான்: “கொடி மறுபடி போடணும்.”

*

மலைப்பாம்பு வந்த கதையைப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி நீட்டிவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். கம்பி இடுக்கு வழியாக ரெபான் என்கிற கோழிக்கூண்டுக்குள் நுழைந்தது, கோழியை விழுங்கியது, வயிறு பெருத்ததால் அதே இடுக்கு வழியாக வெளியேற முடியவில்லை. பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துச் சாக்கில் போட்டார்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. நாமாக அடித்துக் கொல்லக் கூடாது. “தின்னுட்டுப் போகத் தெரியல பாரு” என்றார் அத்தை. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. சுற்றிலும் செம்பனையை வெட்டி வீடு கட்டுகிறார்கள். எலி போகிற பக்கம் பாம்பும் போகிறது.

*

பாம்பும் உடும்பும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளும். வெள்ளைக்கழிச்சல் நிறுத்தாது. கழுத்து முறுக்கிக்கொள்ளும், பச்சையாகக் கழியும், சில நாளில் ரெபானே காலி. நியூகாசல் நோய் என்பது இதுதான். 1980களில் இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தார், அப்போது அது விவசாயப் பல்கலைக்கழகம், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியில் பூசிக் கொடுக்கும் வழியைக் கண்டார்கள். அவிழ்த்துவிட்ட கம்பத்து நாட்டுக்கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவது ஆகிற காரியமா? கோழி வளர்த்தவர்களைக் கேட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அத்தை சேதாரத்தில் எழுதிக்கொள்ளாத ஒரே இழப்பு இந்த நோய்தான். தடுக்க முடிந்ததை விதி என்று சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. மருந்துத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வைப்பார். தீபாவளிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

தீபாவளி நெருங்கினால் நாட்டுக்கோழி கேட்டு ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் தயவுசெய்து பகலில் வரவேண்டாம். துரத்த எங்களுக்குக் கால் இல்லை. இரவு ஏழரைக்கு மேல் வந்தால் கூண்டிலிருந்து கையாலேயே எடுத்துத் தந்துவிடலாம். வளர்க்க வாங்குகிறவர்கள் இரண்டு வாரமாவது தனியே அடைத்து வைத்துப் பார்த்துவிட்டு மற்றக் கோழிகளோடு விடுங்கள்.