முதற்காலத்தின் பொறுமை

வீணை பயிலப் புகும் பிள்ளை, மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சரளி வரிசையை, முதலில் நிதானமாகவும், பின்னர் அதன் இருமடங்கு வேகத்திலும், அதற்கும் பின் நான்மடங்கு வேகத்திலும் தாளம் பிறழாமல் வாசித்துக் காட்டினாலன்றி, தேர்ந்த ஆசிரியர் ஜண்டை வரிசையைத் தொடங்குவதில்லை. முதற்காலத்தில் விரல்கள் செய்த சிறிய அலட்சியம் மூன்றாங்காலத்தில் பெருந் தடுமாற்றமாக வெளிப்பட்டுவிடுமாதலால், வேகமென்பது நிதானத்தின் பரிபக்குவமே என்னும் உண்மையை அப்பிள்ளை எந்த உபதேசமுமின்றித் தன் அநுபவத்தாலேயே உணர்ந்துகொள்கிறது. குலப்பெருமைக்கும் செல்வத்துக்கும் சிபாரிசுக்கும் இரங்காத அந்தத் தந்திகள், நித்திய சாதகம் ஒன்றுக்கே வசப்படுகின்றன. இவ்விதம் பழகிய கரம், பிற்காலத்தில் ஏரைப் பிடித்தாலும் எழுதுகோலைப் பிடித்தாலும், எடுத்த காரியத்தை அரைகுறையாக விட்டெழச் சம்மதிப்பதில்லை.