எல்லைக்கோடும் விண்ணகக் கோயிலும்

'ஸ்டார் ட்ரெக்' தொடர்கள் பால்வெளி மண்டலத்தை, அதன் மையத்தில் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரு கோடுகளால் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என நான்கு கால்வட்டங்களாகப் பிரிக்கின்றன. ஆல்ஃபா, பீட்டா எல்லைக்கோடு நம் சூரியனை ஒட்டிச் செல்வதால் மனிதன் நிற்கும் இடமே அளவையின் அடிப்படையாகிறது. இதைக் கற்பனையின் குறை என்று தள்ள இயலாது, ஏனெனில் 1958இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வகுத்த ஆயமுறையும் சூரியனையே தொடக்கப்புள்ளியாகக் கொள்கிறது.

இவ்வாறு வகுக்கும் உரிமை அளவையாளருக்கு மட்டுமே உரியதா என்ற கேள்வியை அத்தொடர்களுள் ஒன்றான, 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' எழுப்புகிறது. அதன் கதையில், பேஜோர் என்னும் கோளுக்கு அருகே, 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள காமா கால்வட்டத்துக்கு இட்டுச்செல்லும் புழுத்துளை, அதாவது வெளியின் இரு தொலைப்புள்ளிகளை இணைக்கும் குறுக்குவழி, கண்டறியப்படுகிறது. மனிதர்களும் பணியாற்றும் விண்மீன் படையினருக்கு அது போக்குவரத்துப் பாதை, அக்கோளின் மக்களான பேஜோரியருக்கோ தீர்க்கதரிசிகள் உறையும் விண்ணகக் கோயில். அங்கு வாழ்வோர் முன், பின் என்னும் கால ஒழுங்குக்கு அப்பாற்பட்டவர்கள் என்பதை இரு தரப்பும் ஏற்பதால், வேறுபாடு தகவலில் இல்லை, அத்தகவலின் முன் எவ்வாறு நிற்பது என்பதில்தான் உள்ளது. இரு பெயர்களில் எதையும் பொய்யென்று ஒதுக்காமல் ஏழு பருவங்கள் தாங்கிச் சென்றதே அத்தொடரின் மெய்யியல் சாதனை.