தாவீதின் குற்றத்தையும் எழுதி வைத்தவர்கள்

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அன்போடு அனுப்பிவைத்த கிறிஸ்தவ வரலாற்றுப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆதாம், ஆபிரகாம், எகிப்து, ரோமாபுரி, லூத்தர், அப்புறம் நேராக அமெரிக்கா. இந்தியா அதில் தலைகாட்டுவதே 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கும்போதுதான். அதுவரை நாமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பிள்ளைக்குச் சொல்லித்தர முடியுமா? "அம்மா, இதுல நம்ம ஊரு எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள் மகள்.

வாசலைத் தாண்டினாலே வந்துவிடும். மிளகுக்கொடி ஏறி நிற்கிற சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். காப்பிக்கு எத்தியோப்பியா பிறந்த வீடு. சந்தையில் குவிகிற அன்னாசியும், ஜவ்வரிசி ஆலைக்கு லாரி லாரியாக மலையிறங்குகிற மரவள்ளிக் கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் காலத்தில் கப்பலேறி வந்தவை. சாமையும் தினையும் விளைந்த நிலம் எப்படி மரவள்ளிக்குப் போனது என்று சொல்ல ஆரம்பித்தால் அது முடிய நாளாகும்.

இயேசுவின் காலத்துக்கும் எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு வழி உண்டு. இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று மடக்கப் பார்த்தவர்களிடம் அவர் ஒரு காசைக் காட்டச் சொல்லி, இதில் இருப்பது யாருடைய உருவம் என்று கேட்டாரே, அது திபேரியு இராயனின் வெள்ளிக் காசாக இருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. கி.பி. 14 முதல் 37 வரை ரோமை ஆண்டவன் அவன். அவன் காசுகள் தமிழ்நாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்தே ரோமானியக் காசுகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். மலையிறங்கி, நாமக்கல் தாண்டி, காவிரிப் பாலத்தைக் கடந்தால் கரூர், சேரர் ஊர். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைக் கொன்ற காரி, மலையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒரு சேரனிடம்தான். ஓரியும் இயேசுவை விசாரித்த பிலாத்துவும் ஒரே பக்கத்தில் வரக்கூடியவர்கள் என்பது மகளுக்குப் பெரிய அதிசயம். எனக்கும்தான்.

கொல்லிமலையில் வீட்டிலேயே பாடம் சொல்லித்தருவது என்று பேச்செடுத்தால் மிஷனரி பிராண்ட் குடும்பத்தை விட்டுவிட முடியாது. ஜெசி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் படித்துவிட்டு வந்தவர். அவர் மனைவி ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் கற்றவர். வாழவந்தியில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். மகன் பால் பிறந்தது 1914 ஜூலை 17. அதற்குப் பதினோராம் நாள் ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. 1923-இல் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பும்வரை பாலுக்கு அம்மாதான் வாத்தியார். பையன் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து கணக்குப் போட்டு, தாளைக் கீழே இறக்குவானாம். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.

ஆனால் அவர் வயதான பிறகு ஒரு கட்டுரையில் நினைத்து எழுதியது வேறொரு பாடத்தை. படிக்கட்டு வயலில் பையன்களோடு தவளை பிடித்துச் சேற்றைக் கலக்கியபோது ஒரு தாத்தா வந்து நிறுத்துகிறார். வரப்பைத் தாண்டி ஓடும் கலங்கல் தண்ணீரைக் காட்டுகிறார். கை நிறையச் சேற்றை அள்ளி, இதில்தான் வருஷா வருஷம் நெல் விளையும், ஆற்றோடு போனால் திரும்பாது என்று புரியவைக்கிறார். மண்ணைக் காப்பாற்ற அரசுகளை இணங்கவைக்க முடியுமென்றால் வைத்தியத்தையே விட்டுவிடத் தயார் என்று அந்த டாக்டர் எழுதினார். பிராண்ட் குடும்பத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தத் தாத்தா அவற்றில் வெறும் தாத்தாதான். நான் மகளுக்கு அவரிடமிருந்துதான் ஆரம்பிப்பேன்.

விஷக் காய்ச்சல் கதையும் அப்படித்தான். 1918-இல் அது மலைக்கும் வந்தது. பிராண்ட் தம்பதி வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோனார்கள். அவர்களைக் கடுமையாக எதிர்த்த பூசாரியே சாகும்போது தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். பிரசங்கங்களில் இது வெற்றிக் கதையாக வரும். அழகான கதை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் எப்படி வந்தது? முதல் உலகப் போர்முனையிலிருந்து படைவீரர் கப்பல்களோடு பம்பாயில் இறங்கி, ரயிலேறி, இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தப் போரை நடத்தியவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஜெர்மன் சிப்பாயின் இடுப்பு வார் கொக்கியில் 'கடவுள் நம்மோடு' என்று பொறித்திருந்தது. எதிரணியும் அதே கடவுளிடம்தான் ஜெபித்தது. கஞ்சியைச் சொல்லிவிட்டுக் கொக்கியை விட்டால் அது வரலாறாகாது, விளம்பரம்.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க் அரசன் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய மிஷனரி சீகன்பால்க் 1706-இல் அங்கே வந்து இறங்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. பெருமைதான். அதே அரசனின் கொடி பறந்த கரீபியன் தீவு ஒன்றில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1848-இல். சீகன்பால்கையே நான்கு மாதம் சிறையில் போட்டவன் இந்து ராஜா அல்ல, டேனியக் கோட்டைத் தளபதி. காலத்தால் இன்னும் கிட்டத்தில் வந்தால் வடக்கன்குளம்: சாதிக்கொரு பக்கமாகக் கட்டி, நடுவே சுவர் வைத்த கிறிஸ்தவக் கோயில். அந்தச் சுவர் 1910-இல்தான் இடிந்தது.

"இதையெல்லாம் சொன்னா பிள்ளைக்கு விசுவாசம் போயிடாதா?" என்று அத்தை கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வேதாகமத்தை எழுதியவர்களே தங்கள் ஆட்களை ஒளித்துவைக்கவில்லையே. தாவீது உரியாவைப் போர்முனையில் சாக விட்டு அவன் மனைவியை எடுத்துக்கொண்டதை அவன் ஜனங்களே எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்து அரசர்களின் கல்வெட்டுகளில் இப்படி ஒரு வரி பார்ப்பது அரிது. பேதுரு மறுதலித்ததைத் தபசு காலத்தில் வருஷந்தோறும் வாசிக்கிறோம், பேதுருமேல் யாருக்கும் பிரியம் குறைந்ததாகத் தெரியவில்லை. கிறிஸ்தவக் கண்ணோட்டம் என்று ஒன்று இருந்தால், நம் தரப்பின் கணக்கையும் சேர்த்துப் படிக்கிற இந்தப் பழக்கம்தான் அது என்பது என் எண்ணம்.

பாடத்தில் இப்போது ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனில் நிற்கிறோம். 313-இல் கிறிஸ்தவர்களுக்கு விடுதலை கிடைத்தது. 380-இல் கிறிஸ்தவமே அரச மதமானது. "அதுக்கப்புறம் ஜெயிலுக்குப் போனது யாரும்மா?" என்றாள் மகள். 385-இல் டிரியர் நகரில், கிறிஸ்தவப் பேரரசன் ஒருவன் பிரிசில்லியன் என்ற பிஷப்பைக் கொல்லவைத்ததைச் சொன்னேன். கொல்லாதே என்று அரசனிடமே போய் மன்றாடியவர் இன்னொரு பிஷப், தூர் நகரத்து மார்ட்டின். அவர் முன்பு பட்டாளத்துக்காரர், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தவர். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த மார்ட்டின் அப்புறம் என்ன ஆனார்?" என்றார்கள்.