கருவியோடு போவதும் பொருளோடு நிற்பதும்

நிக்கான் நிறுவனம் 2015இல் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி900 கேமராவை வாங்கியவர்களில் ஒரு சாரார் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்ட படகு ஒன்றை நோக்கி லென்ஸை நீட்டினார்கள். 83 மடங்கு ஜூமில் படகு முழுசாகத் திரும்பி வந்தது. பூமி உருண்டை என்றால் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிய படகு எப்படி மேலே ஏறும், ஆகவே பூமி தட்டைதான் என்று வீடியோ போட்டார்கள். சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் புதுக் கேமரா வாங்கிய எவரும் முதல் நாளில் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: பெட்டியைப் பிரித்தார்கள், கண்ணுக்கு எட்டாத ஒன்றைப் பார்த்தார்கள், பார்த்ததை நாலு பேருக்குச் சொன்னார்கள். ஊரார் பேச்சை நம்பாமல் உன் கண்ணால் பார் என்று நாம் எல்லோரும் மெச்சும் அறிவுரையைக்கூடக் கடைப்பிடித்தார்கள். அப்படியானால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது? புதுக் கருவி காட்டும் முதல் காட்சி எப்போது அறிவு என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது? நம் தத்துவ மரபில் அளவை இயல் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய வழக்கு இது. கேமரா வாங்கியவரும் தமக்குத் தெரியாமலே அதில் ஒரு வாதி.

பிரிட்ஜ் கேமரா என்பது சட்டைப்பைக் கேமராவுக்கும் லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவுக்கும் நடுவே நிற்கும் வகை. லென்ஸைக் கழற்ற முடியாது. அந்த ஒரே லென்ஸ் கல்யாணக் கூட்டத்தையும் பிடிக்கும், கோபுர உச்சிப் புறாவின் கண்ணையும் பிடிக்கும். பி900க்குப் பின் 2018இல் வந்த பி1000, 24 மி.மீ. முதல் 3000 மி.மீ. வரை போகும் என்பார்கள். பழைய 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. லென்ஸின் மெய்யான குவியத் தூரம் 539 மி.மீ.; சென்சார் சுமார் 6 மி.மீ. அகலமே இருப்பதால் அது 3000 போல வேலை செய்கிறது. அந்தக் கோடியில் துளை எஃப்/8, அதாவது ஒளி நுழையும் வாய் ஏறத்தாழ 67 மி.மீ. அவ்வளவு வாய்க்குள் நுழையும் ஒளி, அலை என்பதால், விளிம்பில் விலகிப் பரவியே தீரும். ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 10 மைக்ரான் வட்டமாக விழுகிறது. பிக்சல் ஒன்றின் அகலமோ 1.3 மைக்ரான்தான். ஒரு நட்சத்திரம் எட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது என்று பொருள். இதற்குமேல் நடுப்பகலில் மொட்டை மாடிகளின் மேலே கொதிக்கும் காற்று வேறு. எனவே சட்டத்துக்குள் தெரியும் படம் பொருள், காற்று, கண்ணாடி, கை ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை. முதல் நாள் பார்ப்பவருக்கு நான்கும் ஒரே கட்டாகத்தான் கிடைக்கின்றன. முழு ஜூமில் படம் கலங்குகிறது, லென்ஸ் மோசம் என்று எழுதுகிறவர் பல நேரம் காற்றின் குற்றத்தைக் கண்ணாடியின் தலையில் கட்டுகிறார்.

ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சி என்று 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் வரையறுத்தார். சரி, நீங்கிவிட்டது என்பது பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் மீமாம்சை, நியாயம் என்ற இரு தத்துவ மரபினரும் முட்டிக்கொண்டார்கள். அறிவு பிறக்கும்போதே நம்பத்தக்கதாகத்தான் பிறக்கிறது என்பது மீமாம்சகர் குமாரிலரின் கட்சி. அதை உண்டாக்கிய காரணத்தில் குற்றம் கண்டாலோ, அதற்கு மாறான இன்னொரு அறிவு வந்து தள்ளினாலோ தவிர அது நிற்கும். ஒவ்வொரு காட்சிக்கும் இன்னொரு காட்சி சாட்சி சொல்ல வேண்டும் என்றால் அந்தச் சாட்சிக்கு யார் சாட்சி, இதற்கு முடிவே இராது என்பது அவரது வலுவான வாதம். நியாய மரபோ, அறிவின் மெய்மை வெளியிலிருந்துதான் தெரியும் என்றது. தண்ணீர் என்று கண்டு போனவருக்குத் தாகம் தீர்ந்ததா? தீர்ந்தால் அந்தக் காட்சி மெய். முடிவில்லாத சங்கிலி என்ற ஆட்சேபத்துக்கு அந்த மரபின் வாசஸ்பதி மிசிரர் போன்றோர் சொன்ன விடை எனக்குச் சரியாகப் படுகிறது: பழகிய வகையைச் சேர்ந்த அறிவை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டாம், ஏற்கெனவே தேறிய அறிவோடு அது ஒரே இனம் என்பதே போதும். புதுக் கருவி வாங்கியவர் முதலில் எதிர்வீட்டுச் சுவரையும் கடைப் பெயர்ப் பலகையையும் படம்பிடிப்பதன் தர்க்கம் இதுதான். பக்கத்தில் போய்ப் படிக்கக்கூடிய எழுத்தைத் தூரத்திலிருந்து சரியாகக் காட்டிய கருவி, பக்கத்தில் போக முடியாததையும் சரியாகக் காட்டும் என்று கருதல் அளவையால், அதாவது அனுமானத்தால், நீட்டிக்கொள்கிறார்.

நீட்டலாமா என்பதுதான் சிக்கல். இதை வரலாறு ஒருமுறை மிகக் கூர்மையாகக் கேட்டிருக்கிறது. 1610 மார்ச்சில் வெனிஸில் கலிலியோ வெளியிட்ட சிறு நூலைப் புதுக் கருவி ஒன்றின் முதல் அனுபவக் குறிப்பு என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகாது. உருப்பெருக்கத்தைச் சோதிக்கும் முறையை அவரே அதில் எழுதினார்: பரப்பில் ஒன்று மற்றதைப்போல் நானூறு மடங்கு இருக்கும்படி இரண்டு வட்டங்களை வரைந்து சுவரில் ஒட்டு, சிறியதை ஒரு கண்ணால் தொலைநோக்கி வழியே பார், பெரியதை மற்ற கண்ணால் வெறுமனே பார், இரண்டும் ஒத்திருந்தால் கருவி இருபது மடங்கு. மறு ஆண்டு ரோமில் நடந்த விருந்தொன்றில், மைல் கணக்கில் தள்ளியிருந்த லாத்தரன் கட்டடத்தின் கல்வெட்டை விருந்தினர்கள் தொலைநோக்கியில் படித்தார்கள். பெயர்ப் பலகைச் சோதனையேதான். ஆனால் 1610 ஏப்ரலில் பொலோஞாவில் அதே கருவியை வானத்தை நோக்கித் திருப்பியபோது கற்றறிந்த பலருக்குச் சரியாக எதுவும் தெரியவில்லை. மார்ட்டின் ஹோர்க்கி என்ற இளைஞர், மண்ணில் அதிசயம் செய்யும் இக்கருவி விண்ணில் ஏமாற்றுகிறது என்று வானியலாளர் கெப்ளருக்கு எழுதினார். அவரைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அவர் தொட்ட இடமோ சரியான இடம். சுவரும் வியாழனும் ஒரே இனம் என்று உனக்கு யார் சொன்னது என்கிறார் அவர். அன்றைய அரிஸ்டாட்டிலியக் கல்வியில் விண்ணும் மண்ணும் வேறு வேறு பொருளால் ஆனவை. ஆகவே அது வெட்டிப்பேச்சு அல்ல.

கலிலியோவிடம் இதற்கு விடை இருந்தது, அது சுவரில் இல்லை. ஜனவரி 7ஆம் நாள் இரவு வியாழனருகே மூன்று சிறு புள்ளிகளைக் கண்டபோது அவற்றை அவர் சாதாரண நட்சத்திரங்கள் என்றே எடுத்துக்கொண்டார். அன்றே அதை ஊருக்குச் சொல்லியிருந்தால் பிழையைத்தான் சொல்லியிருப்பார். மறுநாள் மூன்றும் வியாழனுக்கு மேற்கே நின்றன. 13ஆம் நாள் நான்காகத் தெரிந்தன. நாளுக்கு நாள் இடம் மாறின, வியாழனை விட்டு விலகவில்லை. கண்ணாடியின் கோளாறாக இருந்தால் அது கண்ணாடி போகிற இடமெல்லாம் கூடவே போயிருக்க வேண்டும். வேறு நட்சத்திரத்தைப் பார்த்தாலும் அதே நாலு துணைகள் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. என் வாதம் இந்த ஒரு அறுப்பில்தான் நிற்கிறது: கருவியின் குற்றம் கருவியோடு போகும், பொருளின் குணம் பொருளோடு நிற்கும். இரண்டையும் பிரிக்க ஒரே பொருளை ஒரே நாளில் ஒருமுறை பார்த்தால் போதாது. பி900காரர்கள் ஃபோக்கஸ் தவறிய நட்சத்திரங்களை நடுங்கும் வட்டத் தட்டுகளாகப் படம்பிடித்து, நட்சத்திரத்தின் உண்மை உருவம் இதுதான் என்றார்கள். எந்த நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினாலும், தெருவிளக்கை நோக்கித் திருப்பினாலும் அதே தட்டு வருகிறது என்பதே அது லென்ஸின் உருவம் என்பதற்குச் சாட்சி. படகு விஷயமும் அப்படித்தான். கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரப் படகோ அதற்கு முன்பே கண்ணின் கூர்மைக்குள் அடங்காமல் மறைந்துவிடும். ஜூம் மீட்டது சிறுத்துப்போன படகை. அதே கேமராவை இன்னும் தொலைவில் போகும் சரக்குக் கப்பலின்மீது திருப்பியிருந்தால், அடிப்பாகம் வெட்டுப்பட்டே தெரியும். ஜூம் செய்யச் செய்ய வெட்டு பெரிதாகுமே தவிர மூடாது. மாடியேறிப் பார்த்தால் மூடத் தொடங்கும். அதைச் செய்ய லென்ஸ் தேவையில்லை, படிக்கட்டு போதும். குற்றத்தைத் தேடிப் பார்க்க மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் வேண்டாம் என்றார் குமாரிலர். பி900காரர்கள் இரண்டாவதற்கே போகவில்லை.

என் அளவுகோலுக்கே எதிராக ஒரு வழக்கு உண்டு. 1610 ஜூலையில் கலிலியோ சனியைப் பார்த்தபோது நடுவில் பெரிதும் இருபுறம் சிறிதுமாக மூன்று உருண்டைகள் தெரிந்தன. வேறெந்தக் கோளிலும் அது தெரியவில்லை, சனியோடு நின்றது. சோதனையில் முழுசாகத் தேறிய அந்தக் காட்சி தவறு. அவை வளையத்தின் இரு கோடிகள் என்பதை வானியலாளர் ஹைகன்ஸ் 1659இல்தான் விளக்கி வெளியிட்டார். ஆயினும் அங்கே ஏதோ இருந்தது என்பது பொய்யாகவில்லை; அது இன்னது என்று பெயரிட்டதுதான் பொய்யானது. பெயரும் இனமும் ஒட்டாத வெறுங்காட்சியை நிருவிகற்பம் என்றும், ஒட்டிய பின்னதைச் சவிகற்பம் என்றும் நம் தர்க்கநூலார் பிரித்தது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. என் அளவுகோல் முதலாவதைக் காக்கும், இரண்டாவதற்கு உத்தரவாதம் தராது. இன்று பி1000 வைத்திருப்பவர் முதல் இரவே சனியின் வளையத்தைப் பிடித்துவிட்டேன் என்று மகிழ்கிறார். சட்டத்துக்குள் இருப்பது ஒரு சிறு நீள்வட்டம். வளையம் என்ற சொல்லை அவருக்குக் கொடுத்தது பள்ளிக்கூடப் பாடநூல். முதல் பார்வை, நினைக்கிற அளவுக்கு முதலாவதாக இருப்பதில்லை.

இன்றைய கேமரா பார்ப்பதே இல்லை, கணக்குப் போடுகிறது; இதில் காட்சி அளவை எங்கே வந்தது என்று கேட்கலாம். படத்தின் புள்ளி இரைச்சலை நீக்குவதும் விளிம்பைக் கூராக்குவதும் உள்ளே இருக்கும் செயலிதான். இதை மறுக்க முடியாது, ஆனால் இது வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. 2023இல் சாம்சங் கைபேசி எடுத்த நிலாப் படங்களைச் சந்தேகித்த ஒருவர், நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையில் வைத்துக் கைபேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் முளைத்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்டும் செயற்கை நுண்ணறிவு அதில் இருப்பதை நிறுவனமே பின்னர் விளக்கியது. தானே மங்கலாக்கிய, தனக்கு முழுசாகத் தெரிந்த பொருளைக் காட்டியதால்தான் கருவி கூட்டியது எது என்று பிரிந்தது.

எல்லா முதல் அனுபவத்தையும் இந்தத் தராசில் நிறுக்க வேண்டியதில்லை. 1.4 கிலோ கனம் கழுத்தை இழுக்கிறது, சுழல்திரை எளிதாகத் திரும்புகிறது, மெனு தலை சுற்ற வைக்கிறது என்பவை கைக்கும் கருவிக்கும் நடுவே நடப்பவை. அங்கே புதுக்கைதான் சரியான நீதிபதி. பழகிய கை மறந்துவிடும். பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் சொல்பவர் சாட்சிக்கூண்டில் ஏறுகிறார். நம்பத்தக்க சொல்லுக்கு உரியவர் யார் என்பதற்கு நியாய மரபின் வாத்ஸ்யாயனர் தந்த இலக்கணம், நேரில் கண்டறிந்தவர், கண்டபடியே சொல்ல விரும்புபவர் என்பது. முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் அது ஒன்றே என்றும் அவர் சேர்த்தார். பிறப்போ புகழோ அதில் இல்லை. நிறுவனத்திடமிருந்து கடனாக வந்த கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் வெளியிடும் மதிப்புரையில் இரண்டாவது நிபந்தனை ஆட்டம் காணக்கூடும். ஆனால் முதல் நிபந்தனைதான் அதிகம் தவறுகிறது என்பது என் எண்ணம். 1610 ஆகஸ்ட் இறுதியில் பிராகில் கெப்ளர் கையில், கலோன் ஆட்சியாளருக்குக் கலிலியோ அனுப்பியிருந்த தொலைநோக்கி கிடைத்தது. கலிலியோவை அவர் ஏற்கெனவே அச்சில் ஆதரித்தாயிற்று. தெரிய வேண்டும் என்று விரும்பக் காரணம் இருந்தது. அவர் தன்னோடு பார்க்க வந்தவர்களிடம், ஒருவர் வரைவதை மற்றவர் பார்க்காமல், வியாழனருகே கண்ட புள்ளிகளைச் சுண்ணக்கட்டியால் பலகையில் வரையச் சொன்னார். பிறகுதான் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இன்று கேமராப் பெட்டியைப் பிரிக்குமுன்பே ஐம்பது பேர் எடுத்த மாதிரிப் படங்களைப் பார்த்து முடித்துவிடுகிறோம். பலகையில் என்ன வரைய வேண்டும் என்பது கண் லென்ஸைத் தொடுமுன்பே தெரிந்துவிடுகிறது.