தலையணை வாங்காத ஊர்

என் மதினிக்கு ஊரில் ஒரு சிக்கல். மகன் ஆஸ்திரேலியா போய் எட்டு மாதம் ஆகிறது. 'பையன் என்ன பண்றான்?' என்று யாராவது கேட்டால், என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“வேலைக்குப் போயிருக்கான்னா, எந்தக் கம்பெனின்னு கேக்குறாக. ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கான்னா, நகையை அடகு வச்சு ஊர் சுத்த விட்ருக்கீகளாக்கும்னு சிரிக்குறாக. ரெண்டும்தான்னு சொன்னா எவன் தம்பி நம்புறான்?”

ஆண்டிபட்டியில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, வைகை அணைப் பூங்காவில் வந்து உட்கார்ந்திருந்தோம். மாசி மாதத்துச் சாயங்காலம். அக்கரைப் பூங்காவுக்குப் போகிற சின்னப் பாலத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பொரித்த மீன் வாங்கி வரப் போயிருந்தார்.

மதினி சொன்ன 'ரெண்டும்தான்' என்பதற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் வைத்திருக்கும் பெயர், 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா. இந்தியர்களுக்கு 2024-ல்தான் இந்தக் கதவு திறந்தது. 18 வயது முதல் 30 வயது வரை. வருடத்துக்கு 1,000 பேர். பெயர் கொடுத்தவர்களைக் குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். பன்னிரண்டு மாதம் இருக்கலாம். கைச்செலவுக்கு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால், பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. வா, இரு, உழை, வேர் மட்டும் விடாதே என்று சட்டமே சொல்லி அனுப்புகிறது. நம் பக்கத்தில் பிழைக்கப் போவார்கள். இல்லையென்றால் யாத்திரை போவார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவதற்கு நம்மிடம் வார்த்தை இல்லை. மதினி மேல் தப்பில்லை.

பையன் மெல்போர்னில் இறங்கினான். முதல் பதினைந்து நாள் நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்ட கதைதான். சிம் கார்டு, பாங்க் கணக்கு, வருமான வரி எண், டிராமில் ஏற 'மைக்கி' அட்டை. நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு வீடு. நாலு வார வாடகை அட்வான்ஸ். காபிக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை. இன்ஜினீயரிங் படித்த பையன். அம்மாவிடம் 'கிச்சன் டிபார்ட்மென்ட்' என்று சொல்லி வைத்திருக்கிறான்.

எல்லாம் வாங்கினான், தலையணை மட்டும் வாங்கவில்லை. ஒருநாள் வீடியோ காலில் மதினி பார்த்துவிட்டார். பேன்ட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறான். கேட்டால், “ஒரு வருஷம்தானேம்மா. வாங்கிட்டு அப்புறம் அதை என்ன பண்றது?”

இந்த 'ஒரு வருஷம்தானே' எனக்கு நன்றாகப் பழக்கமான ஆசாமி. சென்னையில் ஒரு வாடகை வீட்டில் பதினோரு வருடம் இருந்தேன். பதினோரு வருடமும், அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. (ஹவுஸ் ஓனரும் அடிக்கக் கூடாது என்றார், அது வேறு விஷயம்.) அப்பாவின் போட்டோ பீரோ மேலேயே சாய்ந்து நின்றது. எதிர் வீட்டுக்காரரைப் பார்த்தால் சிரிப்பேன், அத்தோடு சரி. அவர் இறந்துபோன அன்று, வாசலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் பார்த்துத்தான் அவர் பெயரைத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வீட்டிலும் ஆணி அடிக்காத ஒரு சுவர் இருக்கலாம்.

மதினியின் மாமியார், அதாவது என் பெரியம்மா, வேறு ரகம். அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் இப்போது வைகை அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 1959 ஜனவரியில் அணையைத் திறந்தார்கள். அதற்கு முன்பே, தண்ணீர் தேங்கப்போகிற இடத்தில் இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். பெரியம்மா மாட்டு வண்டியில் ஏற்றிய சாமான்களில், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு முருங்கைக் கொம்பும் இருந்தது. போன இடத்தில் கூரை போடுவதற்கு முன்னால் அதை நட்டார். அங்கேயாவது நிலையாக இருக்க விடுவார்களா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

பெரியம்மா புது ஊரோடு ஒன்றாகக் கலந்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். சாகிறவரை அவருக்கு அது 'வந்த ஊர்'தான். 'நம்ம ஊரு' என்றால், தண்ணீருக்குள் இருப்பது. ஆனாலும், முருங்கைக்காய் தெரு முழுக்கப் போனது. ஓர் ஊரை நம் ஊர் என்று நினைப்பது ஒன்று. அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைத்ததற்குப் பதில் செய்வது இன்னொன்று. முதலாவது மனசு சம்பந்தப்பட்டது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டாவதையும் அப்படி விட்டுவிடலாமா?

ஜெர்மன் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட், தன் ஊரையும் சுற்று வட்டாரத்தையும் தாண்டி எங்கேயும் போகாத மனிதர். ஆனால், வெளியூர்க்காரனைப் பற்றி யோசித்திருக்கிறார். உலகில் நிரந்தர அமைதி வருவதற்கு என்ன வழி என்று 1795-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அந்நிய மண்ணில் கால் வைக்கிறவன் ஒழுங்காக இருக்கிறவரை அவனை விரோதியாக நடத்தக் கூடாது. வந்து பார்க்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. தங்கியிருக்கிற உரிமை மட்டும் வேறு, அதற்குத் தனியாக ஒப்பந்தம் வேண்டும் என்று அதில் சொல்கிறார். வந்தவனுக்கு ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது பதில். வந்தவன் ஊருக்கு என்ன செய்ய வேண்டும்?

மதினி அன்றைக்கு என்னிடம் கேட்டது அதைத்தான்.

பையன் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கத்துப் பாட்டி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தனியாக இருக்கிறார். அறுபதுகளில், இரண்டே வருடத்தில் திரும்பிவிடலாம் என்று கப்பல் ஏறி வந்தவராம். வாரா வாரம் பாட்டி வீட்டுக் குப்பைத் தொட்டியை இவன்தான் தெருவோரம் தள்ளிக்கொண்டு போய் வைப்பான். பதிலுக்குத் தக்காளி தருவார். கொல்லையில் முப்பது செடி வைத்திருக்கிறார். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி போகும்போது, மூன்று வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவனும் சரி என்றிருக்கிறான். அங்கே பிப்ரவரி என்பது கொளுத்துகிற வெயில் காலம்.

நாலாவது நாள் ஒரு போன். மெல்போர்னிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மர்ரே ஆற்றங்கரையில் மில்டுரா என்று ஓர் ஊர். நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி திராட்சை ஊர். ஆறு வாரம் அறுவடை. திங்கட்கிழமை வந்தால் வேலை, இல்லையென்றால் இடம் போய்விடும். அந்தப் பணம் வந்தால் அடகு நகையைத் திருப்பிவிடலாம். (சுருளிப்பட்டியில் தாய்மாமன் தோட்டத்துக்குப் பழம் வெட்டக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்ற பையன்தான் இவன்.)

அம்மாவைக் கேட்டான்.

“நான் போடான்னு சொல்லிட்டேன் தம்பி. தக்காளிக்காகவாடா நிப்ப, நம்ம ஊர்ல வெல இல்லேன்னா ரோட்டுல கொட்டிட்டுப் போறோம்னேன்.” கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் சொன்னது சரிதானா?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நகையும் வட்டியும் நிஜம். பாட்டி சொந்தமும் இல்லை. இன்னும் நாலு மாதத்தில் விமானம் ஏறிவிட்டால், இந்த ஜென்மத்தில் அவரைப் பார்க்கப் போவதில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் பெரிய சமாதானமாக வைத்துக்கொள்கிறோம். இனிமேல் பார்க்கப் போவதில்லை. ஆகவே கடனும் சின்னதுதான்.

எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. முப்பது வருடம் பக்கத்து வீட்டில் இருக்கிறவன் இந்த வாரம் சொன்ன சொல் தவறினால், அடுத்த வாரம் சரி செய்யலாம்; தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு போய் நிற்கலாம். நாள் குறித்து வந்தவனுக்கு அந்த 'அப்புறம்' கிடையாது. அவன் செய்தது செய்ததுதான், விட்டது விட்டதுதான். இன்னொன்றும் இருக்கிறது. அவன் போனபிறகு அதே அறைக்கு வேறொரு பையன் வருவான். பாட்டி அவனிடம் எதையும் கேட்க மாட்டார். பேச்சிலருக்கு வீடு இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பிய ஹவுஸ் ஓனரை நினைத்துப் பாருங்கள். உங்கள் மேல் அவருக்கு என்ன கோபம்? உங்களுக்கு முன்னால் இருந்துவிட்டுப் போன எவனோ உங்கள் கணக்கிலிருந்து செலவு செய்துவிட்டான்.

இப்படியெல்லாம் எழுத எனக்குச் சுலபம். என் வீட்டு நகை எதுவும் அடகில் இல்லை. மதினியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. “போகச் சொன்னது தப்பில்ல மதினி. ஆனா அந்தப் பாட்டிக்கு யாரு இருக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

மில்டுரா என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. கனடாவில் பிறந்த ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற அண்ணன் தம்பி 1887-ல் ஆற்றுத் தண்ணீரை இறைத்துப் பாய்ச்சி உருவாக்கிய ஊர் அது. நிலத்தை விற்றார்கள், சனங்களைக் குடியேற்றினார்கள், 1895-ல் கம்பெனி திவாலானது. வாய்க்கால் ஒழுகியது, நம்பி வந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அண்ணன் ஜார்ஜ் அமெரிக்கா போய்விட்டார். தம்பி வில்லியம் போகவில்லை. தாங்கள் கெடுத்த ஊரிலேயே, தாங்கள் ஏமாற்றிவிட்டதாகச் சொன்ன சனங்களுக்கு நடுவிலேயே இருந்து திராட்சை போட்டார். அந்த ஊருக்கு மேயர் ஆகி, 1926-ல் அங்கேயே இறந்தார். எத்தனை பேருடைய ஏச்சைக் கேட்டிருப்பார்!

அதே 1887-ல்தான் இங்கே முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்கியது. 1895-ல் முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போக இருந்த தண்ணீரைத் திருப்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டு வந்தார் பென்னிகுயிக். யாரும் அழைக்காமல் ஆள வந்தவர்களில் ஒருவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் இங்கே தங்கவில்லை. 1899-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக்கு வெள்ளத்தடுப்பு யோசனை சொல்லப் போனார். 1911-ல் இங்கிலாந்தில் இறந்தார். திரும்பி வந்து ஒழுகலை அடைக்கிற வாய்ப்பு தனக்கு இருக்காது என்று தெரிந்து கட்டியவரின் சுவர். பாலார்பட்டியில் அவர் பெயரில் இன்றைக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அணை கட்டப் போய்க் காட்டுக் காய்ச்சலில் செத்த கூலிக்காரர்களும் வேலை முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று மலை ஏறியவர்கள்தான். அவர்களுக்கு யார் பொங்கல் வைப்பது?

அண்ணன் மீனோடு வந்தார். ஜிலேபிக் கெண்டை. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இங்கே வந்து சேர்ந்த மீன்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். “முள்ளைப் பாத்துத் தின்னுடா” என்றார்.

பையன் கடைசியில் மில்டுரா போய்விட்டான். போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாட்டியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம், முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அறையில் இருக்கும் கொலம்பியாப் பையன் ஒருவனிடம் கொல்லைக் கதவுச் சாவியைக் கொடுத்து, எந்தச் செடிக்கு எத்தனை வாளி என்று பேப்பரில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் நாலு நாள் ஊற்றினான். அப்புறம் போன் எடுப்பதில்லை.

இருட்ட ஆரம்பித்தபோது மதினியின் செல்போன் அடித்தது. அங்கே மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும். எப்போதும் 'சாப்பிட்டியாப்பா' என்றுதான் ஆரம்பிப்பார்.

“தக்காளிக்குத் தண்ணி ஊத்துனானா?” என்றார்.