வணிகனின் தெய்வம் கூட்டாளியா, சாட்சியா?

வியாபாரம் செய்கிறவன் கோயிலுக்குப் போனால் என்ன கேட்பான்? லாபம் கேட்பான் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். தெய்வம் அவனிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இன்றைக்கு நாம் கூடியிருக்கிறோம். அதற்கு நம் ஊர்க் கோயிலில் தொடங்காமல், கடல் கடந்து பழைய ரோமாபுரியில் இருந்த ஒரு கோயிலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நம்முடைய தெய்வம் என்றால் பக்தி முந்திக்கொண்டு கேள்வியை மறைத்துவிடும். அடுத்தவர் தெய்வத்தை ஆற அமரப் பார்க்க முடியும்.

ரோமர்களின் வணிகத் தெய்வத்துக்கு மெர்க்குரி என்று பெயர். கிரேக்கர்கள் ஹெர்மிஸ் என்பார்கள். கையில் பணப்பை, தலையில் சிறகு வைத்த தொப்பி. கி.மு. 495-இல் அவென்டைன் குன்றின் சரிவில், தேரோட்டப் பந்தயம் நடக்கும் மைதானத்தைப் பார்த்தபடி அவருக்குக் கோயில் எடுத்தார்கள். அதைப் பிரதிஷ்டை செய்யும் பெருமை யாருக்கு என்று அந்த ஆண்டின் இரண்டு கான்சல்களான அப்பியஸ் கிளாடியசுக்கும் பப்ளியஸ் செர்விலியசுக்கும் போட்டி. செனட் சபை தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் மக்களிடம் விட்டுவிட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: யார் பிரதிஷ்டை செய்கிறாரோ அவரே ஊரின் தானிய வழங்கலை மேற்பார்க்க வேண்டும், வணிகர் சங்கத்தையும் அவரே அமைக்க வேண்டும். மக்கள் இரண்டு தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, மார்க்கஸ் லேட்டோரியஸ் என்ற படையதிகாரி ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். தலைவர்களை மட்டம் தட்டவே மக்கள் அப்படிச் செய்தார்கள் என்பது லிவியின் கருத்து. அந்த அரசியல் நமக்கு வேண்டாம். கோயில், தானியம், சங்கம் மூன்றையும் ஒரே ஆள் கையில் வைத்தார்கள் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது. மூட்டையில் எவ்வளவு தானியம் இருக்கிறது என்பதும் சந்நிதியில் விளக்கு எரிகிறதா என்பதும் அவர்களுக்கு ஒரே நிர்வாகம்.

இந்த மெர்க்குரியின் கப்பல் நம் கரைக்கும் வந்திருக்கிறது. வியன்னாவில் கிரேக்க மொழியில் எழுதிய பாப்பிரஸ் ஏடு ஒன்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறியில் சரக்கு ஏற்றிய ஒரு கப்பலின் கடன் ஒப்பந்தத்தையும் சரக்கு மதிப்பையும் அது சொல்கிறது. கங்கைக்கரை நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் ஏற்றிக்கொண்டு போன அந்தக் கப்பலின் பெயர் ஹெர்மாபோலோன். ஹெர்மிசையும் அப்போலோவையும் சேர்த்து வைத்த பெயர். ஒருவர் வணிகத்துக்குத் தெய்வம், மற்றவர் ஒளிக்கும் வாக்குக்கும் தெய்வம். பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, பொருத்தமான ஜோடிதான்.

இனி இந்தத் தெய்வத்துக்கு எதிரான சாட்சியத்தையும் கேட்க வேண்டும். மே 15 மெர்க்குரியின் திருநாள். ரோமின் கபேனா வாயிலருகே அவருக்கென்று ஒரு ஊற்று இருந்தது. வணிகர்கள் அங்கே போய் நீர் மொண்டு வருவார்கள். லாரல் கொத்தை அதில் நனைத்துத் தம் சரக்கின் மேலும் தலையின் மேலும் தெளித்துக்கொள்வார்கள். அப்போது அவர்கள் வேண்டியதை ஓவிட் என்ற கவிஞர் பதிவு செய்திருக்கிறார். நேற்றுவரை செய்த பொய்ச் சத்தியங்களைக் கழுவிவிடு என்று முதல் வேண்டுதல். நாளைக்குச் சொல்லப்போகும் பொய்யையும் கண்டுகொள்ளாதே என்று இரண்டாவது வேண்டுதல். லாபத்தைக் கொடு, வாங்க வந்தவனை ஏமாற்றிய சந்தோஷத்தையும் கொடு என்பது மூன்றாவது. மேலேயிருந்து மெர்க்குரி இதைக் கேட்டுச் சிரிக்கிறாராம், அப்போலோவின் மாடுகளைத் தான் திருடியது நினைவுக்கு வந்து! அவர் திருடர்களுக்கும் தெய்வம்.

இதைக் காட்டி ஒருவர் கேட்கலாம்: வணிகத் தெய்வம் என்பதே பொய்க்குப் போட்ட பட்டுத்துணிதானே? ஓவிட் கேலிக்காரர், கூட்டிச் சொல்லியிருப்பார் என்று தப்பித்துக்கொள்ள வழி உண்டு. நான் அந்த வழியில் போகவில்லை. கேலிக்கும் ஊரில் ஏதோ ஒரு வேர் இருந்தால்தான் கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த முதல் வேண்டுதலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கலப்படம் செய்தேன், விலையை ஏற்றினேன் என்று அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்தேன் என்று கேட்கிறான். அப்படியானால் அந்தச் சந்தையில் தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தால் வாங்குகிறவன் நம்பினான். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே மூன்றாவதாக ஒருவர் நின்றார். அவரைச் சாட்சியாக நிறுத்தித்தான் இவன் விற்றிருக்கிறான். விற்று முடித்தபின் அதே சாட்சியிடம் போய், நீ என் பக்கம் வந்துவிடு என்கிறான். தண்ணீரும் தழையும் அதற்குக் கொடுக்கும் கையூட்டு. வணிகன் தெய்வத்துக்குச் செய்யும் குற்றம் இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: சாட்சியைக் கூட்டாளியாக்கப் பார்ப்பது.

ரோமர்களுக்கே இது தெரியாமல் இல்லை. லாபத்துக்கு மெர்க்குரியிடம் போனார்கள். அதில் பத்தில் ஒரு பங்கை மாட்டுச் சந்தையில் இருந்த ஹெர்குலிசின் பெரிய பலிபீடத்தில் கொடுக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. ஆனால் படியையும் எடையையும் அந்த இரண்டு பேரிடமும் விடவில்லை. முகத்தலளவைக்கு மூலப்படியாக இருந்த சாடியைக் கேப்பிடோலின் குன்றில் ஜூபிடர் கோயிலில் வைத்தார்கள். காஸ்டர் கோயிலில் சரிபார்த்தது என்று பொறித்த எடைகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. சிரித்துக்கொண்டே மன்னித்துவிடும் தெய்வத்திடம் எடைக்கல்லைக் கொடுத்து வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். 1010-ஆம் ஆண்டு வாக்கில் ராஜராஜன் முடித்த பெரிய கோயிலின் சுவர்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே பொன்னை நிறுத்த எடைக்குப் பெயர் ஆடவல்லான் என்னும் கல். மணிகள் பதித்த நகைகளை நிறுத்த எடைக்குப் பெயர் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர்; அரசன் பெயரில் இருந்த ராஜகேசரி மரக்காலோடு அது ஒத்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடவல்லான், ஆடுகின்ற நடராஜர். விடங்கன், அந்தக் கோயிலில் எழுந்தருளியிருந்த திருமேனி. சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்போம், கடைக்கு வைப்போம். இங்கே எடைக்கல்லுக்கு வைத்திருக்கிறார்கள். வணிகனும் வாங்குகிறவனும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, தெய்வம் தட்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. கல் யார் பக்கமும் சாய முடியாது; சாய்ந்தால் அது கல்லே அல்ல.

அங்கே நிறுக்கப்பட்டது யாருடைய பொருள் என்பதையும் கவனிக்க வேண்டும். அரசன் கொடுத்த பொன், அவன் தமக்கை குந்தவை கொடுத்த நகை. கொடுக்கிறவர் பேரரசர், வாங்குகிறவர் பரமேசுவரன், நடுவில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் சரடு சேர்த்தா நீக்கியா, அரக்கு சேர்த்தா நீக்கியா என்று விவரம் சொல்லி, கழஞ்சு மஞ்சாடி குன்றி என்று கடைசித் துளிவரை நிறுத்துக் கல்லில் வெட்டினார்கள். நிறைய கொடுத்தாயிற்று, அளவு எதற்கு என்று யாரும் விட்டுவிடவில்லை. காணிக்கை அளவைக் கடந்தது என்ற எண்ணம் அந்தச் சுவரில் எங்கும் இல்லை.

இது அரசாங்கத்தின் வரிக் கணக்கு, இதில் ஆன்மீகம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஊருக்கு ஊர் படி மாறினால் அரசனுக்கு வரி வசூலிப்பது கஷ்டம், அதனால் ஒரே படியைக் கொண்டுவந்தான் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு அவன் பட்டப்பெயரில் இருந்த மரக்காலே போதுமே! அதிகாரத்துக்கு அடங்குவதற்கு ராஜகேசரி இருக்கும்போது, அதே அளவுக்கு ஆடவல்லான் என்று இன்னொரு பெயர் ஏன்? அரசனின் படியை அரசனின் ஆள் பார்க்கும்போது சரியாக அளப்பார்கள். யாரும் பார்க்காத போதும் சரியாக அளக்க வேறொரு பெயர் வேண்டியிருந்தது. என் தீர்மானம் இது. வேறு விளக்கம் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. கோயிலே கடன் கொடுத்து வட்டி வாங்கியதே! ஆம், வாங்கியது. தஞ்சைக் கோயிலின் காசைப் பெற்றுக்கொண்ட ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்டின. நூற்றுக்குப் பன்னிரண்டரை. அதை மறைத்துப் பேசுவது கோயிலுக்கே அவமரியாதை. ஆனால் அந்த விகிதம் கடன் வாங்கியவர் கண்ணெதிரே கல்வெட்டில் நிற்கிறது. ஆள் பார்த்து ஏற்றவோ இறக்கவோ முடியாது. வட்டி கூடுதலா குறைவா என்று வாதாடலாம். தெரிந்த அளவில் நடந்தது என்பதில் வாதமில்லை.

வணிகர்கள் பக்கத்திலும் இதே ஒழுங்கு உண்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழு பரமேசுவரியைத் தங்கள் தாயாகச் சொல்லிக்கொண்டது. சுமத்ராவின் பாருஸ் துறையில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்களுடையது. பர்மாவின் பகானில் நானாதேசி வணிகர் பெயராலேயே நானாதேசி விண்ணகர் என்று ஒரு பெருமாள் கோயில் இருந்தது. மகோதையர் பட்டினத்து வணிகர் ஒருவர் அதற்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் கொடுத்தார். சிவகங்கைப் பக்கம் பிரான்மலையில் அவர்கள் வெட்டிய பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயிலுக்கு எந்தச் சரக்கில் பொதிக்கு எவ்வளவு என்று வரிசையாகச் சொல்கிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு என்று நீளும் பட்டியல். நம் கடைவீதிகளில் மகமை என்று பிற்காலத்தில் வாங்கியதும் இந்த வகைதான். லாபத்தில் பங்கு தருகிறேன் என்று நேர்ந்துகொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. லாபத்தில் பங்கு என்றால், லாபம் எப்படி வந்தது என்று சாமி கேட்காமல் இருக்க வேண்டும். கேட்டால் அவர் பங்கும் அல்லவா குறையும்! சாமியை வியாபாரத்தில் பங்குதாரராகச் சேர்க்கும் அன்பர்கள் பக்தியில் குறைந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கபேனா வாயில் ஊற்றுக்குப் போகும் பாதை அங்கேதான் பிரிகிறது. பொதிக்கு இவ்வளவு என்றால் கதை வேறு. மகமை கொடுக்கவே பொதியை எண்ணியாக வேண்டும், எண்ணினால் ஊருக்குக் கணக்குத் தெரிந்துவிடும்.

அமர்நீதி நாயனார் வரலாற்றையும் இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். பழையாறையில் பொன்னும் மணியும் துணியும் விற்ற வணிகர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்களுக்கு அமுதும் கோவணமும் கொடுத்து வந்தார். இறைவன் பிரம்மச்சாரியாக வந்தான். தண்டில் இரண்டு கோவணம். ஒன்றை, பத்திரமாக வைத்திரு என்று கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது வைத்த கோவணம் வைத்த இடத்தில் இல்லை; அவனே அதை மறையச் செய்திருந்தான். நாயனார் பதறி, அதைவிட நல்ல புதுக் கோவணம் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றான். பொன்னும் பட்டும் தருகிறேன் என்றார். பொன் எனக்கு எதற்கு, இந்த இன்னொரு கோவணத்துக்குச் சம எடை கோவணம் கொடு என்று தராசைக் கேட்டான். வந்திருப்பது யாரென்று தெரியாத நிலையிலும் நாயனார் தயங்கவில்லை. கொடை என்றால் அவருக்குக் கை கூசாது. அதுதான் அவர் பழக்கம். இறைவன் அந்தப் பழக்கத்தைத்தான் மறுத்தான். கடன் பட்டது ஒன்று, கொடுக்க வருவது வேறொன்று. அதிகமாகக் கொடுப்பதால் சரியாகக் கொடுத்ததாக ஆகிவிடாது.

ஒளித்தவனே வந்து கேட்பது நியாயமா என்று மனம் முரண்டுபிடிக்கும். நியாயமில்லைதான், வழக்கு என்று பார்த்தால். ஆனால் அடைக்கலமாக வாங்கி வைத்த பொருள் காணாமல் போனால், திருடனைக் கண்டுபிடிக்கும்வரை பொறு என்று கொடுத்தவனிடம் எந்த நாணயமான வணிகனும் சொல்ல மாட்டான். நாயனாரும் சொல்லவில்லை. கடையில் இருந்த துணி, பொன், வெள்ளி என்று எல்லாவற்றையும் ஏற்றியும் தட்டு எழவில்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் தானே ஏறினார். அப்போதுதான் தட்டுகள் நேராக நின்றன. அடியாருக்குச் சர்வமும் அர்ப்பணம் என்று இதை விளக்குவது மரபு, அது சரிதான். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: அன்றைக்குத் தொலைந்தது, வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன சொல். சொல்லுக்குச் சரக்கு ஈடாகாது, சொன்னவன்தான் ஈடு.

இன்றைக்கு இதெல்லாம் எதற்கு, தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்கிறதே என்பார்கள். இருக்க வேண்டும். கிலோகிராமே 2019-இலிருந்து எந்த உலோகக் கட்டியையும் நம்பாமல் இயற்கையின் மாறிலி ஒன்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவ்வளவு நுட்பம் வந்துவிட்டது. ஆனால் முத்திரை தராசைச் சோதிக்கும், தட்டின் ஓரத்தில் படும் விரலைச் சோதிக்காது. நம் கடைக்காரர்களுக்கு இது தெரியும். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கினவர்கள்தான் நாம். ஆனாலும் ஆயுத பூஜை அன்று பணப்பெட்டிக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை, தராசுக்கும் வைக்கிறோம். ஒன்று மட்டும் செய்யுங்கள். தட்டில் பூசிய சந்தனத்தை மறுநாள் காலையில் கழுவித் துடைத்துவிட்டு முதல் வாடிக்கையாளருக்கு நிறுங்கள். அதுவும் எடையில் சேரும்.